போன கதை எழுதியாச்சு, வந்த கதை எங்கே?

1

நகரம் என்று சொன்னாலே தமிழ் எழுத்தாளனுக்கு ஒப்பாரி வந்துவிடுகிறது. ஆற்றை விட்டு வந்தேன், வேப்பமரத்தை விட்டு வந்தேன், திண்ணையை விட்டு வந்தேன், இங்கே பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூட எனக்குத் தெரியாது என்று புலம்ப ஆரம்பித்துவிடுகிறான். விமர்சகர்களும் இதற்கு 'நகர வாழ்வின் அந்நியமாதல்' என்று பேர் சூட்டி, நவீன இலக்கியத்தின் அடையாளம் இதுதான் என்று பாடத்திட்டம்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். எம்.ஏ. தமிழ் படித்த நாமும் இதையே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம்.

ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. அது யாருடைய திண்ணை? அந்த வேப்பமர நிழலில் யார் உட்கார முடிந்தது? ஆற்றில் எந்தத் துறை யாருக்கு? திண்ணை இருந்தவன் திண்ணையை இழந்தான், சரி. திண்ணையில் கால் வைக்கவே முடியாதவன் நகரத்துக்கு வந்தபோது எதை இழந்தான்? அவனுடைய நகரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

புதுமைப்பித்தனின் 'மகாமசானம்' கதையை எடுத்துக்கொள்வோம். சென்னையின் நடைபாதையில் ஒரு கிழட்டுப் பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார். டிராமும் மோட்டாரும் மனிதரும் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாரும் நிற்பதில்லை, யாரும் விசாரிப்பதில்லை. நகரம் ஒரு பெரிய சுடுகாடு என்பது கதையின் கோபம். நேர்மையான கோபம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதே கதையைச் சேரியிலிருந்து வந்தவன் படித்தால் வேறொன்றும் கண்ணில் படும். கிராமத்து வழியில் ஒருத்தன் விழுந்து கிடந்தால் ஊர் நிற்கும், விசாரிக்கும். முதல் விசாரணையே 'எந்தத் தெருக்காரன்?' என்பதுதான். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் தண்ணி வாயில் ஊற்றப்படுமா, கையில் ஊற்றப்படுமா, எட்ட நின்று ஊற்றப்படுமா, ஊற்றவேபடாதா என்பது தீர்மானமாகும். விசாரிக்காமல் கடந்துபோகிற கூட்டத்தைப் பார்த்துப் புதுமைப்பித்தனுக்கு நெஞ்சு எரிந்தது. விசாரிக்காத கூட்டத்துக்குள் நுழைந்தபோது எங்க ஆளுங்களுக்கு மூச்சு வந்தது. ஒரே நடைபாதை, இரண்டு அனுபவம். தமிழ் விமர்சனம் முதல் அனுபவத்தை மட்டும் 'மானுட அனுபவம்' என்று எழுதி வைத்துக்கொண்டது.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973இல் வந்த நல்ல நாவல். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிற நகரத்து நடுத்தர வாழ்க்கையை அதுபோல அடக்கமாகச் சொன்ன எழுத்து குறைவு. ஆனால் தண்ணீருக்காகக் குடத்தோடு நிற்பது நகரம் தந்த அவலம் என்று அது வாசிக்கப்பட்டபோது, பொதுக்கிணற்றின் பக்கம் போகவே முடியாமல் தலைமுறை தலைமுறையாகக் குடத்தோடு நின்றவர்கள் வாசிப்பில் எங்குமே வரவில்லை. ஜெயகாந்தன் சேரிக்குள் வந்தார். 'உன்னைப் போல் ஒருவன்' நாவலாகவும் 1965இல் படமாகவும் பேசப்பட்டது. ஆனால் அந்தச் சேரியில் ஏழ்மை இருக்கும், தாய்மை இருக்கும், குடி இருக்கும், மனிதாபிமானம் இருக்கும். இவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்பதற்கான சாதி மட்டும் வாய் திறக்காது. சேரி என்ற சொல்லே நகரத்துக்கு வந்ததும் சாதியைக் கழற்றி வைத்துவிட்டு 'குடிசைப் பகுதி' ஆகிவிடுகிறது.

2

இதற்கு எதிராக நம் தரப்பில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: கிராமம் நரகம், நகரம் விடுதலை. அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தைப் பற்றிச் சொன்னதை மேடைதோறும் சொல்லுகிறோம். குறுகிய புத்தியும் அறியாமையும் சாதிவெறியும் தேங்கிக்கிடக்கிற இடம் கிராமம் என்று அவர் உடைத்துப் போட்டார். காந்தியின் கிராமக் கனவுக்கு அதைவிடச் சரியான பதில் வேறில்லை. பெரியாரும் கிராமம், நகரம் என்ற பிரிவே கூடாது என்றவர்தான்.

சொன்னது சரி. அதை நாம் சூத்திரமாக்கிக்கொண்டதுதான் சரியில்லை. அம்பேத்கருக்கு நகரம் எப்படி இருந்தது என்பதை அவரே எழுதியிருக்கிறார். மேல்நாட்டில் படித்துத் திரும்பிப் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சி பேரைப் பதிந்துகொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து வாசலில் நிற்கிறது. இந்து நண்பர் ஒருவரிடமும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடமும் இடம் கேட்கிறார். இரண்டு பேரும் நாசூக்காகக் கைவிரிக்கிறார்கள். பொதுப்பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார். பரோடா நகரம்தான், கிராமமில்லை.

இன்றைக்கும் நகரம் வாடகைக்கு வீடு கேட்கும்போது சாதி கேட்கிறது. 'நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?' என்று கேட்டால் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி என்று நம்புகிறவன் இந்த நாட்டில் இல்லை. பாதாளச் சாக்கடைக்குள் இறக்கும்போது மட்டும் நகரம் சாதி கேட்பதில்லை. அது ஏற்கெனவே அதற்குத் தெரியும். மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்சநீதிமன்றம் சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்றது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. சென்னையில் 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த மக்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடம்தான், அடுக்குமாடியாக.

ஆகவே நகரம் சொர்க்கமுமில்லை. இதுவரைக்கும் பலர் எழுதிவிட்டார்கள். இந்த இடத்தில் கட்டுரையை முடித்துக்கொண்டு 'எங்கு போனாலும் சாதி' என்று பெருமூச்சு விடுவதும் வழக்கமாகிவிட்டது. நான் கேட்க வந்தது இதற்கு அடுத்த கேள்வி. நகரமா கிராமமா என்று இரண்டு முனையையும் எடைபோட்டுக்கொண்டிருக்கிற நாம், இரண்டுக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸை ஏன் பார்க்கவில்லை? குறிப்பாகத் திரும்பி வருகிற பஸ்ஸை?

3

இதை நான் சானமாவுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது. இந்தப் பேர் பத்திரிகையில் வருவது ஒரே காரணத்துக்காகத்தான்: யானை. பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாகக் கூட்டம் கூட்டமாக யானைகள் வந்து சானமாவுக் காட்டில் தங்கும். ராகிக் கொல்லையிலும் தக்காளித் தோட்டத்திலும் இறங்கும். எத்தனை யானை, எந்தப் பக்கமாக வந்தன, எந்த இடத்தில் நெடுஞ்சாலையைத் தாண்டின, திரும்பிப் போய்விட்டனவா என்று எல்லாம் பேப்பரில் வரும். வரட்டும், அது வேண்டியதுதான். அதே வழியில் மாநில எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற மனிதக் கூட்டத்தைப் பற்றி எந்தப் பேப்பரும் எழுதியதில்லை, எந்த நாவலும் எழுதியதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஓசூரில் சிப்காட் வந்தது 1970களில். 1980களில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. 2004இல் தருமபுரியிலிருந்து பிரித்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. இப்போது செல்போன் பாகம் செய்கிற பெரிய ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்துகூடப் பெண்பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். அதற்கப்புறம் எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, மடிவாளா. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர் சொச்சம். இங்கே நாங்கள் நகரத்துக்குப் 'புலம்பெயர' வேண்டியதில்லை. சிலர் தினமும் போகிறார்கள், பலர் திங்கட்கிழமை போய்ச் சனிக்கிழமை வருகிறார்கள். சென்ட்ரிங், பெயின்ட், டைல்ஸ் ஒட்டுவது, வீட்டுவேலை, செக்யூரிட்டி, கார்ப்பரேஷன் துப்புரவு. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் கலந்த பூமி இது. மாலையிலோ வாரக் கடைசியிலோ அதே பஸ்ஸில் அதே காலனிக்குத் திரும்புகிறார்கள்.

இந்தச் சாலையோரத்து ஊர் ஒன்றின் காலனியில், பெங்களூரில் வீட்டுவேலை செய்கிற ஒரு அக்கா என்னிடம் சொன்னது இது. ஊர்ப்பேர் வேண்டாம்:

"அங்க எங்களுக்கு மரியாதைன்னு சொல்லிற முடியாது தம்பி. தனி டம்ளர் வச்சிருக்குற வீடும் இருக்குது. ஆனா ரோட்ல நடக்குறப்ப எவனும் கேக்குறதில்ல. கடையில 'அக்கா, என்னக்கா வேணும்'ங்கறான். அக்கான்னு ஒருத்தன் கூப்புட்டா ஒடம்பே நிமுந்துக்குது. சனிக்கெழம பஸ் ஏறுனா ஓசூர் வரைக்கும் அதே ஒடம்புதான். எங்கூரு ஸ்டாப் வர்றதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே முந்தானைய இழுத்துப் போத்திக்கிறேன். யாரும் சொல்லல. கை தானா போவுது. எறங்குனா அங்க ஒரு சின்னப் பையன், எம்மவன் வயசு, 'ஏய், எப்ப வந்த?'ங்கறான்."

எந்த நகர நாவலிலும் எனக்குக் கிடைக்காத பக்கம் இது. இந்தப் பெண் நகரத்தில் இழந்தது என்ன, பெற்றது என்ன என்று கணக்குப் போடுகிற விமர்சனம் அந்த இரண்டு ஸ்டாப்பைப் பார்க்கத் தவறிவிடும். சாதி கிராமத்தில் இருக்கிறது, நகரத்திலும் இருக்கிறது என்று சொல்லுவது சுலபம். அது ஒரே உடம்பில் ஒரே பயணத்தில் எந்த இடத்தில் இறங்குகிறது, எந்த இடத்தில் ஏறுகிறது என்று சொல்லுவதுதான் எழுத்தின் வேலை.

எல்லை என்றும் ஒன்று இருக்கிறது. காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பின் 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் மறுபடியும் கலவரம், தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. இரண்டு பக்கமும் பஸ் நின்றுபோக, அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே எல்லையைத் தாண்டினார்கள். அப்போது அவர்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் 'தமிழர்கள்' என்று எழுதினார்கள். சரி, அங்கே தமிழன் என்றுதான் அடி விழுந்தது. ஜூஜூவாடியைத் தாண்டி ஊர் வந்து சேர்ந்ததும் அவர்களில் ஒரு பாதி ஊர்த்தெருவுக்கும் இன்னொரு பாதி காலனிக்கும் பிரிந்து போனார்களே, அதை யார் எழுதினார்கள்? அங்கே தமிழன், இங்கே காலனிக்காரன். தமிழன் என்பதற்கு அங்கே அடி வாங்கினவன் இங்கே வந்து தமிழன் என்று சொல்லித் தெருவில் நடக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடே நடந்து திரும்பியது. பசியும் வெயிலும் கால் கொப்புளமும் நிறைய எழுதப்பட்டன. நடந்து போய்ச் சேர்ந்த இடம் எது என்பது எழுதப்படவில்லை.

4

எழுதப்படவே இல்லை என்று சொல்லுவதும் பாதி உண்மைதான். நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை 'நகர இலக்கியம்' என்று வாசிக்க நம் விமர்சனத்துக்குத் தெரியவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். 1939இல் வெளிவந்த அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' சின்னப் புத்தகம். அதில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்லுகிறார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படித்த இடத்தில் ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. தன் சாதி, குடியிருப்பு, உறவினர் பற்றி மற்றப் பிள்ளைகள் தெரிந்துகொண்டால் கேவலமாக நடத்துவார்களே என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்திருந்துவிட்டு மணி அடித்த பிறகு வகுப்புக்குப் போவார். பள்ளி விட்டதும் விளையாடாமல் அவசரமாக வீடு திரும்புவார். கவனித்துப் பாருங்கள்: அவருடைய பயம் வகுப்பறைக்குள் இல்லை. வகுப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிறது. யாராவது பின்னாலேயே வந்து வீட்டைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அந்த அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்துகிற இரண்டு ஸ்டாப்பும் அந்தப் பிள்ளை ஓடிய வழியும் ஒன்றுதான்.

அம்பேத்கரின் பரோடா அனுபவம் வருகிற 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற எழுத்தை முழுசாகப் பாருங்கள். அவர் காலத்துக்குப் பிறகு 1990இல்தான் அது தனி வெளியீடாக வந்தது. நாம் அதை வன்கொடுமைப் பட்டியலாகவே வாசித்துவந்திருக்கிறோம். அது ஒரு பயண எழுத்து. 1901இல் சின்னப் பையனாக மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியவரை, சாதி தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. இரட்டிப்புக் கூலி வாங்கிக்கொண்டு ஒருத்தன் வண்டியைக் கொடுக்கிறான். பிள்ளைகளே ஓட்டவேண்டும், அவன் கூடவே நடந்து வருவான். 1929இல் சாலிஸ்காவ்ன் நிலையத்தில் இறங்குகிறார். அப்போது அவர் பாரிஸ்டர். குதிரை வண்டிக்காரன் ஓட்ட மறுக்கிறான். வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, ஓட்டத் தெரியாத நம் சனங்களில் ஒருவர் ஓட்டுகிறார். பாலத்தில் சக்கரம் மாட்டி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் காலெலும்பு முறிகிறது. இருபத்தெட்டு ஆண்டு நடுவில் போயிருக்கிறது. கொலம்பியாவும் லண்டனும் போயிருக்கிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வண்டிக்காரன் அதே வண்டிக்காரன்தான். நகரம் கொடுத்த பட்டம் ரயிலடியோடு செல்லாமல் போகிறது. அந்தப் புத்தகத்தின் தலைப்பே எல்லையைப் பற்றியது. வெளிநாட்டுக்காரனுக்குத்தான் விசா வேண்டும்; இங்கே சொந்த ஊருக்குள் போகிறவனுக்கு வேண்டியிருக்கிறது.

1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' நம் தலைமுறையின் கண்ணைத் திறந்த புத்தகம். அதில் படிப்புக்காக ஊர்விட்டு ஊர் போய்த் திரும்புகிற பெண்ணின் பஸ் பயணம் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்த மேல்சாதிப் பெண் எங்கே இறங்கணும், எந்தத் தெரு என்று விசாரிக்கிறாள். சேரி என்று பதில் வந்ததும் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறாள். 'கருக்கு' தன்வரலாறு என்று பேசப்பட்டது, சாட்சியம் என்று பேசப்பட்டது, கிறிஸ்தவத் தலித் எழுத்து என்று பேசப்பட்டது. எல்லாம் சரி. போய்த் திரும்புகிறவளின் நூல் என்று பேசப்படவில்லை. அந்தப் புத்தகம் எழுதப்பட்டதே மடத்தை விட்டு அவர் வெளியே வந்த பிறகுதான். திரும்பி வந்தவளுக்கு நிற்க இடம் எது என்ற கேள்வியிலிருந்துதான் அந்த மொழியே பிறக்கிறது.

மூன்று நூலும் மூன்று காலம், மூன்று இடம். மூன்றிலும் சாதி பிடிபடுகிற இடம் வழி. நகர எழுத்தின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் 1930களிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், மணிக்கொடிக்காரர்களிலிருந்து. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அவருடைய மறைவுக்குப் பின் கோலார் தங்கவயலில் அந்தப் பணியை நம்மவர்கள் தொடர்ந்தார்கள். சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்தை அச்சிட்டது. சுரங்கக்காரனும் பட்டாளத்துக்காரனும் மில்காரனும் படித்த பத்திரிகை அது. நகரத்துக்குப் போனவன் வயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை, பேனாவையும் எடுத்துக்கொண்டு போனான் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்தப் பத்திரிகையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத நகர இலக்கிய வரலாறு யாருடைய வரலாறு?

5

வழியின் அருமை நம் விமர்சகர்களுக்குத் தெரியாவிட்டாலும் சாதிக்கு நன்றாகத் தெரியும். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலையில் எல்லாரும் நடக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். சுயமரியாதை இயக்க காலத்தில், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு உரிமம் ரத்து என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட வேண்டியிருந்தது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தபோது ஆதிக்கச் சாதிகள் கலவரம் செய்தன. அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். முடிவில் அரசு எல்லாக் கழகத்தின் பேரையும் எடுத்துவிட்டது. ஒரு தலித்தின் பேர் பஸ்ஸில் இருக்கக் கூடாது என்பதற்காகத் தமிழ்நாட்டில் ஓடின எல்லா பஸ்ஸும் பேரில்லாமல் ஓடத் தொடங்கின.

இனி, பஸ்ஸில் வந்த பொருளைப் பார்ப்போம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தது. வளைகுடா நாடுகளில் சம்பாதித்து வீடு கட்டி வாழ்ந்த மக்கள் அவர்கள். டிவியை உடைத்தார்கள், தையல் மிஷினை உடைத்தார்கள், பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் அழித்தார்கள், கிணற்றில் விஷம் ஊற்றினார்கள். 2012 நவம்பர் 7 அன்று, எங்கள் பக்கத்து மாவட்டமான தருமபுரியில், ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் 250க்கு மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். ஆண்களில் பலபேர் அப்போது பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருந்தார்கள். எரிந்தது பெங்களூரில் பெயின்ட் அடித்துக் கட்டின வீடு. எரிந்தது சென்ட்ரிங் வேலையில் வாங்கின பைக், பீரோ, பிள்ளையின் சான்றிதழ்.

இந்த இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நகரம் விடுதலை தருமா தராதா என்ற கேள்வியே மாறிவிடுகிறது. நீ நகரத்தில் என்னவாக இருந்தாலும் ஆதிக்கச் சாதிக்குக் கவலையில்லை. பெங்களூரில் நீ ஜீன்ஸ் போடு, கண்ணாடி போடு, ஹோட்டலில் உட்கார்ந்து தின்னு. அதை இங்கே கொண்டுவராதே. கொண்டுவந்தால் எரிப்பேன். நெருப்பு வைத்தவனுக்கு நகரத்தின் அர்த்தம் நம் விமர்சகர்களைவிடத் தெளிவாகப் புரிந்திருக்கிறது. நகரம் என்பது திரும்பி வரும்போது கையில் இருப்பது.

திரும்பி வராமலே இருந்துவிட்டால்? அதற்கும் பதில் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சூளகிரிப் பக்கத்துச் சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த ஒரு தலித் இளைஞரும் வேற்றுச் சாதிப் பெண்ணும் 2018இல் திருமணம் செய்துகொண்டு ஓசூரில் வாடகை வீட்டில் வாழ்ந்தார்கள். நவம்பரில் ஓசூரிலிருந்து கடத்தப்பட்டார்கள். மாநில எல்லை தாண்டி, மாண்டியா மாவட்டத்தில் காவிரித் தண்ணீரில் இரண்டு பிணங்களும் கிடைத்தன. மாநகராட்சியாகப் போகிற ஊர், லட்சக்கணக்கான ஜனம், எவனும் எவனையும் கேட்காத கூட்டம். அந்தக் கூட்டம் அவர்களை மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. பஸ் தூரத்தில் இருக்கிற நகரம் சாதிக்கும் பஸ் தூரம்தான்.

6

இதையெல்லாம் யாரும் தொடவில்லை என்று சொல்ல முடியாது. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014இல் வந்தபோது அந்தச் சுவரைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, காளி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்பது. கம்பெனியில் அவன் யாரோ ஒரு ஊழியன். வேலை முடிந்து வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்குத் திரும்பினால் சுவர் காத்திருக்கிறது. கதை முழுவதும் திரும்பி வருகிற இடத்தில்தான் நடக்கிறது. தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' நாவல் 2018இல் சிந்தாதிரிப்பேட்டைக்கு உள்ளிருந்து எழுதப்பட்டது. அங்கே நகரம் வந்து சேருகிற இடமாக இல்லை, பிறந்து வளர்கிற ஊராக இருக்கிறது. நகரத்துச் சேரியை வேடிக்கை பார்க்காத எழுத்து அது. ஓசூரிலிருந்தே எழுதிவருகிற ஆதவன் தீட்சண்யாவின் கதைகளில் ஊர்க் கௌரவம் வேஷம் கலைந்து நிற்கிற இடங்களைப் பார்க்கிறோம். பாதை போடப்பட்டிருக்கிறது.

ஆனால் இவை சென்னைக்கு உள்ளே நிற்கின்றன, அல்லது ஊருக்கு உள்ளே நிற்கின்றன. போய்ப்போய் வருகிறவர்களின் எழுத்து இன்னும் வரவில்லை. வராததற்கு ஒரு காரணம் நாம். சாட்சியம் கேட்கப் போகும்போதெல்லாம் 'ஊரில் என்ன கொடுமை நடந்தது?' என்று கேட்கிறோம். இல்லையென்றால் 'நகரத்தில் என்ன கஷ்டம்?' என்று கேட்கிறோம். இரண்டுக்கும் பதில் தயாராக வருகிறது, நாமும் எழுதிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். எந்த ஸ்டாப்பில் முந்தானையை இழுத்துப் போர்த்துகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. புதுச் செருப்பை எங்கே கழற்றிப் பையில் வைக்கிறீர்கள்? பெங்களூரில் பேசுகிற கன்னடம் எந்த இடத்தில் நிற்கிறது, காலனித் தமிழோ தெலுங்கோ எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது? ஊரிலிருந்து ஏறின ஆதிக்கச் சாதிக்காரனும் நீங்களும் மடிவாளாவில் ஒரே அறையில் தங்கி ஒரே சட்டியில் தின்றீர்களே, சனிக்கிழமை பஸ்ஸில் எத்தனாவது சீட்டில் அவன் பேச்சை நிறுத்தினான்? வாங்கின டிவியைப் பகலில் இறக்கினீர்களா, ராத்திரியில் இறக்கினீர்களா?

எழுதுகிற தோழர்களும் ஆய்வு செய்கிற மாணவர்களும் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு போகவேண்டும். பி.எச்டி.க்கு 'நவீனத் தமிழ் நாவல்களில் நகரம்' என்று இன்னொரு ஆய்வு தேவையில்லை; அலமாரியில் ஏற்கெனவே நிறைய கிடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இராயக்கோட்டை வண்டியில் ஏறி உட்காருங்கள். சேலம் வண்டி, தருமபுரி வண்டி, தளி வண்டி எதில் வேண்டுமானாலும் ஏறுங்கள். பக்கத்தில் இருக்கிறவரிடம் 'எந்தத் தெரு?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைக் கேட்க ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அவர் பேசினால் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். போய் வருகிறவர்களே எழுதினால் இன்னும் நல்லது: சென்ட்ரிங் போகிற தம்பி, வீட்டுவேலை செய்கிற அக்கா, கம்பெனி பஸ்ஸில் போகிற தங்கச்சி. எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், ரெண்டு பக்கம் போதும். இதழின் வரும் பக்கங்கள் அதற்காகத் திறந்தே இருக்கும்.